மணல் தட்டும் பெயரில்லாத அம்மாக்களும்

2019-ஆம் ஆண்டு தொடக்கத்தில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஆண்டு மூன்று. கணக்கில் கெட்டிக்காரன், மலாய்மொழிப் பாடம் என்றால் ஓடி ஒளிவான். ஆண்டுதோறும் பிள்ளைகளின் விவரங்களைக் கணினியில் பதிய வேண்டும். அவனுடைய முறை வந்தபோது திரை அடுத்த பக்கத்துக்கு நகரவே மாட்டேன் என்றது. தந்தையின் ஐ.சி. எண் என்ற கட்டம் சிவப்பாக நின்றது. அவனுடைய பிறப்புச் சூராட்டை எடுத்துப் பார்த்தேன். தந்தை என்ற இடத்தில் 'மக்லுமாட் தீடாக் டிப்பெரோலேஹி' என்று அச்சாகியிருந்தது. தகவல் பெறப்படவில்லை. பக்கத்தில் இருந்த பள்ளிக் கிராணி அக்கா, "பன்னெண்டு சைபர் போடுங்க சார், போயிடும்" என்றார். போட்டேன். போய்விட்டது.

அந்த வாரம் நான் வாசித்துக்கொண்டிருந்தது துர்பா கோஷ் எழுதிய 'செக்ஸ் அண்ட் தி ஃபேமிலி இன் கலோனியல் இந்தியா' என்ற ஆய்வு நூல். 2006-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தியப் பெண்களோடு நடத்திய குடும்பங்களைப் பற்றியது. உயில்கள், ஞானஸ்நானப் பதிவேடுகள், நீதிமன்றத் தாள்கள் என்று அவர் தோண்டிக்கொண்டே போகிறார். அங்கே தகப்பன் பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, படைப்பிரிவு இருக்கிறது. தாய் இருக்க வேண்டிய இடத்தில் 'சுதேசிப் பெண்' என்றோ, வெறும் 'பீபி' என்றோ எழுதியிருக்கும். பல இடங்களில் அதுகூட இல்லை. இருபது வருஷம் கூடவே வாழ்ந்து பிள்ளை பெற்றவள், உயிலில் 'வீட்டைப் பார்த்துக்கொண்டவள்' ஆகிவிடுகிறாள். என் பையனின் சூராட்டில் தகப்பன் கட்டம் காலி. அந்தப் பதிவேடுகளில் தாய் கட்டம் காலி. இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிரவு பக்கம் ஓடவில்லை.

பேரரசும் பாலுறவும் பற்றிய கல்விப்புல நூல்கள் ஆங்கிலத்தில் ஏராளமாக வந்துவிட்டன. அவற்றில் ஒரு வகை எனக்கு ஒத்துவருவதில்லை. ரொனால்ட் ஹையாம் 1990-இல் எழுதிய 'எம்பையர் அண்ட் செக்ஷுவாலிட்டி' அந்த வகை. வெள்ளைக்காரனுக்குக் காலனி என்ன வாய்ப்புகளைத் தந்தது என்று விரிவாகவும் சுவையாகவும் எழுதியிருப்பார். தகவலுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வாய்ப்பின் மறுமுனையில் இருந்த பெண் அவருடைய கண்ணில் பெரிதாகப் படுவதில்லை. இதைப் பெண்ணிய வரலாற்றாளர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். ஆன் லோரா ஸ்டோலரும் துர்பா கோஷும் வேறு கேள்வி கேட்கிறவர்கள். யார் யாரோடு படுத்தார்கள் என்பதை விட, அதில் பிறந்த பிள்ளையை அரசாங்கம் என்ன செய்தது என்பது அவர்கள் கேள்வி. நான் வாத்தியார் என்பதால் எனக்கு இந்தக் கேள்விதான் பிடிக்கிறது. ஏனென்றால் அரசாங்கம் செய்த காரியங்களில் முக்கியமானது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் போட்டது.

அப்படி ஒரு பள்ளிக்கூடம் சென்னை எழும்பூரில் இருந்தது.

அதற்கு முன்பு ஒரு நூற்றாண்டுக் கதையைச் சொல்லிவிட வேண்டும். 1687-இல் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்துகொள்வதை ஊக்கப்படுத்துங்கள், பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுங்கள் என்பது அதன் சாரம். கருணை ஒன்றும் இல்லை. சிப்பாய்கள் போர்த்துக்கீசியக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெண்ணெடுத்து, பிள்ளைகள் கத்தோலிக்கராகிவிடுகிறார்கள் என்ற கவலை ஒரு பக்கம்; இங்கிலாந்திலிருந்து ஆள் கொண்டுவரும் கப்பல் செலவு இன்னொரு பக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்த பையன் என்றால் செலவு மிச்சம்.

நூறு வருஷத்தில் காற்று திரும்பிவிட்டது. 1786-இல் கல்கத்தா ராணுவ அனாதைப் பள்ளிப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போவதற்குத் தடை வந்தது. 1791-இல், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் கம்பெனியின் சிவில், ராணுவ, கடற்படை உத்தியோகம் கிடையாது என்றார்கள். 1795-இல் படையில் அவர்களுக்கு மிச்சம் விட்டது நான்கு வேலை: புல்லாங்குழல் ஊதுவது, மேளம் தட்டுவது, வாத்தியக் குழுவில் நிற்பது, குதிரைக்கு லாடம் அடிப்பது. வராகன் கொடுத்துப் பெறவைத்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது இதுதான்.

இந்தத் தடைகள் வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1789-இல், எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான ராணுவ அனாதை இல்லம் திறக்கப்பட்டது. பெண்பிள்ளைகளுக்கானது இரண்டு வருஷம் முந்தியே வந்துவிட்டது. 'அனாதை' என்ற சொல்லை இங்கே நிறுத்தி வாசிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அம்மா உயிரோடு இருந்தாள். வெள்ளைக்காரச் சிப்பாய் செத்துப்போயிருப்பான், அல்லது ஊர் மாறிப் போயிருப்பான். தாய் அங்கேயே, கறுப்பர் பட்டணத்திலோ பரங்கிமலைப் பக்கமோ இருந்திருப்பாள். ஆனால் அவள் கணக்கில் வரவில்லை. அவளிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதே அந்த இல்லத்தின் நோக்கங்களில் ஒன்று. அவளுடைய பழக்கவழக்கம் ஒட்டினால் பிள்ளை கெட்டுவிடும் என்பது அன்றைய நிர்வாகிகளின் உறுதியான எண்ணம். வங்காளத்து இல்லங்களிலும் இதே கதைதான் என்று துர்பா கோஷ் காட்டுகிறார்.

இல்லத்தைக் கண்காணிக்க வந்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1753-இல் பிறந்தவர். கொஞ்ச காலம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வீட்டு ஆசிரியர். 1787-இல் மதராஸ் வந்து சேர்ந்தார். பல படைப்பிரிவுகளுக்கு ஒரே நேரத்தில் குருவானவராக இருந்து சம்பளம் வாங்கியவர், அனாதை இல்லத்தில் மட்டும் சம்பளம் வேண்டாம் என்றார். 1796-இல் கப்பலேறியபோது அவரிடம் 25,000 பவுனுக்கு மேல் சேர்ந்திருந்தது. இதைச் சொல்வது அவரை மட்டம் தட்ட இல்லை. அந்தக் காலத்து மதராஸில் ஒரு பாதிரியார்கூட எவ்வளவு சேர்க்க முடிந்தது என்பதற்காக.

இல்லத்தில் இருந்த ஆசிரியர்கள் சோம்பேறிகள், சொன்னால் கேட்பதில்லை என்று பெல்லுக்கு எரிச்சல். ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்க்கிறார். மலபார் என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். அன்றைய ஆங்கிலேயர்கள் தமிழரைத்தான் அப்படிச் சொன்னார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தாள் இல்லை, மை இல்லை, செலவில்லை. திரும்பி வந்து, நாமும் இப்படிச் செய்வோம் என்றார். ஆசிரியர்கள் நடக்காது என்றார்கள். பெல் அவர்களை விட்டுவிட்டு, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டார். சாதாரணச் சிப்பாய் ஒருவனின் மகன். சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் அகரவரிசை சொல்லிக்கொடு என்றார். பையன் சொல்லிக்கொடுத்துவிட்டான். மேலே படித்தவன் கீழே இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கிருந்து முழுப் பள்ளிக்கும் விரித்தார். 1797-இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் போட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அது 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்றது.

நமக்கு இது புதிதே இல்லை. சட்டாம்பிள்ளை என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்தபடி அவன்தான். பாடம் ஒப்பிக்கக் கேட்பான், வராதவனை வீட்டுக்குப் போய்த் தூக்கிவருவான், அடியும் கொடுப்பான். 1623-இல் இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே கன்னட நாட்டில் ஒரு கோயில் முகப்பில் நான்கு பையன்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். வாத்தியார் இல்லை. ஒருவன் பாட்டாக வாய்ப்பாடு சொல்ல, மற்றவர்கள் கூடவே பாடித் தரை மணலில் எழுதுகிறார்கள். மறந்துபோனால் யார் திருத்துவார்கள் என்று இவர் கேட்க, நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் மறக்காதே என்று பதில் வந்திருக்கிறது. எத்தனை கருத்தரங்கில் கேட்டாலும் கிடைக்காத பதில்.

பெல் நம்மிடமிருந்து திருடினாரா? இணையத்தில் இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பெல்லோ, மணல் மட்டுமே அங்கிருந்து வந்தது, பிள்ளையை ஆசிரியராக்கியது என் யோசனை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். நான் இரண்டையும் நம்புவதில்லை. யானா சுரெனெவ் 2019-இல் கொண்டுவந்த காலனியக் கல்வித் தொடக்கம் பற்றிய நூல், இந்த முறை மதராஸிலும் லண்டனிலும் கல்கத்தாவிலும் மாறி மாறிப் பயணம் செய்து உருவானது என்று நிதானமாகக் காட்டுகிறது. எனக்கு அதைவிட உதவியது செந்தில் பாபுவின் 2022-ஆம் ஆண்டு நூல், தமிழ்ப் பகுதியின் கணக்கு மரபைப் பற்றியது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று திண்ணையில் பிள்ளை எதைப் படித்தான், எப்படி மனத்தில் ஏற்றினான் என்று உள்ளே போய்ப் பார்க்கிறார். அங்கே மனப்பாடம் என்பது கிளிப்பிள்ளை வேலை இல்லை. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கூலி பிரிக்கவும் நாளைக்கு வேண்டிய அறிவு, நாக்கிலும் விரலிலும் ஏறியது. ஓசையும் கையெழுத்தும் ஒன்றாகப் போகும்.

பெல் எடுத்துக்கொண்டது மணல்தட்டை. இந்த உள்ளடக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1822-இல் மதராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் வந்த தொகை: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் 1983-இல் 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' நூலில் இந்த ஆவணங்களை எடுத்துப்போட்ட பிறகு, பொற்காலம் பொற்காலம் என்று பலர் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் திண்ணையில் தீண்டாமைக்கு உள்ளான சாதிப் பிள்ளைகள் ஏற முடியாது. பெண்பிள்ளைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோதண்டம் என்று பையனைக் கயிற்றில் தொங்கவிடும் தண்டனையும் அங்கேதான் இருந்தது. நம் தோட்டங்களுக்கு வந்தவர்களில் கணிசமானோர் அந்தத் திண்ணையை வெளியே நின்று பார்த்தவர்களின் பிள்ளைகள். என் முப்பாட்டனும் அப்படி ஒருவர். எனவே திண்ணையை நினைத்து உருக எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

லண்டனில் மதராஸ் முறை தீயாய்ப் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் தன் பங்குக்கு இதே போன்ற ஒன்றைத் தொடங்கி, ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தவறு செய்த பையனைக் கூடையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டார். கோதண்டம் கடல் கடந்து போனதா, தானாக முளைத்ததா தெரியாது; பிள்ளையைத் தொங்கவிடும் ஆசை எல்லா ஊர் வாத்தியாருக்கும் பொது போல. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபை தேசியச் சங்கம் தொடங்கி பெல்லை அதற்கு வழிகாட்டியாக்கியது. இந்தப் பள்ளிகளை அக்காலத்தவர்களே நீராவி எந்திரத்தோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட்டார்கள். குறைந்த கூலியில் நிறைய உற்பத்தி. பெல்லும் ஏழைப் பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறிக் கல்வி தருவது ஆபத்து என்று நினைத்தவர்தான். வேதாகமம் வாசிக்கத் தெரிந்தால் போதும். எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் எதற்கு என்றார். நெல்லிலக்கம் சொல்லிக்கொண்டிருந்த மணலிலிருந்து பிறந்த முறை, கணக்கு வேண்டாம் என்ற இடத்தில் வந்து நின்றது. அவர் செத்தபின் அவருடைய பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833-இல் ஒரு பள்ளி திறந்தார்கள். அதன் பெயர் மதராஸ் கல்லூரி. இன்றைக்கும் இருக்கிறது.

எழும்பூர்ப் பையன்கள் என்ன ஆனார்கள்? மேளம் தட்டப் போனவர்கள் போக, சிலருக்கு ஒரு கதவு திறந்தது. நிலம் அளக்க கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது. ஐரோப்பியச் சர்வேயர் என்றால் சம்பளம் கட்டுப்படியாகாது. மைக்கேல் டாப்பிங் என்பவர் யோசனையில் 1794-இல் நில அளவைப் பள்ளி தொடங்கியபோது, அனாதை இல்லத்துப் பையன்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. சிங்கப்பூரில் கிண்டியில் படித்த பொறியாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா, நாங்க பழைய மாணவர் சங்கத்துல 1794னு மட்டும்தான் போடுவோம்" என்றார்.

இனி நம் பக்கம் வருகிறேன். ஸ்டோலரின் 'கார்னல் நாலெட்ஜ் அண்ட் இம்பீரியல் பவர்' 2002-இல் வந்தது. அதன் கதைக்களம் மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் டெலி தோட்டங்கள். அங்கே தோட்டக் கம்பெனிகள் இளம் ஐரோப்பிய உதவியாளர்களைக் கல்யாணம் பண்ண விடவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணைக் கொண்டுவந்து வைத்தால் சம்பளம் அதிகம் கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் 'ஞாய்' என்று அழைக்கப்பட்ட உள்ளூர்ப் பெண் வீட்டோடு இருப்பதை அனுமதித்தார்கள். பாலுறவு அங்கே படுக்கையறை விஷயமாக இருக்கவில்லை, சம்பளப் பட்டியல் விஷயமாக இருந்தது என்பதை அவர் காட்டும் இடம் எனக்கு முக்கியம். இந்தப் பக்கத்துக் கதையை ஜான் புட்சர் 1979-லேயே 'தி பிரிட்டிஷ் இன் மலாயா' நூலில் எழுதிவிட்டார். காலனி அதிகாரிகள் உள்ளூர்ப் பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1909-இல் காலனி அமைச்சர் குரூ பிரபு சுற்றறிக்கை விட்டார். அது அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும். தோட்டத்துத் துரைகளுக்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை.

என் பாட்டி பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவர் சொன்ன ஒரு கதையில், துரை பங்களாவில் வேலை செய்த பெண்ணுக்குப் பூனைக்கண்ணோடு ஒரு பெண்குழந்தை பிறந்தது. துரை மாற்றலாகிப் போனார். குழந்தைக்கு ஐந்து வயதானபோது ஈப்போவிலிருந்து கன்னியாஸ்திரிகள் கார் எடுத்துவந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "நல்லா படிக்கும்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க" என்பார் பாட்டி. தாய்க்காரி லயத்துக்குத் திரும்பி வந்து, கடைசி வரைக்கும் மரம் வெட்டினாள். பார்க்கப் போனாளா, விட்டார்களா என்று பாட்டிக்குத் தெரியவில்லை. அவள் பேர் என்ன என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "துரை பொண்டாட்டினுதான்யா கூப்புடுவோம். பேரு... அவளுக்கு ஒரு பேரு இருந்துச்சு." அவ்வளவுதான்.

பதிவேட்டில் பெயர் எழுதாதவன் வெள்ளைக்காரக் கணக்கப்பிள்ளை மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பக்கத்து லயத்தில் இருந்த நாங்களும் எழுதவில்லை.

2016-இல் நாம் நாடு முழுக்கத் தமிழ்க்கல்வி 200 ஆண்டு விழா எடுத்தோம். 1816 அக்டோபர் 21-இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் பினாங்கில் தொடங்கிய ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு நடந்ததைக் கணக்கில் வைத்து. எங்கள் பள்ளியிலும் வாழை மரம் கட்டினோம், பிள்ளைகள் கரகம் ஆடினார்கள், நானே ஒரு பேச்சு எழுதிக்கொடுத்தேன். அந்த ஆண்டில்தான் பெல் முறை உச்சத்தில் இருந்தது என்றோ, அந்த ஃப்ரீ ஸ்கூலும் அனாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்துத் தொடங்கியது என்றோ அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மேடையில் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். துறைமுகத்தில் வந்து ஒதுங்கிய கப்பல்காரன் பிள்ளை, கைதியின் பிள்ளை, யாருடைய பிள்ளை என்று சொல்ல முடியாத பிள்ளை, இவர்களை வாழை மரத்துக்கு நடுவில் எங்கே நிறுத்துவது?

லாரி கியூபன் 1986-இல் எழுதிய 'டீச்சர்ஸ் அண்ட் மெஷின்ஸ்' சின்ன நூல். பள்ளிக்குள் வந்த எந்திரங்களின் கதை. இனிப் பாடநூலே தேவைப்படாது, சினிமாப் படமே போதும் என்று 1922-இல் எடிசன் சொன்னார். பிறகு வானொலி, பிறகு தொலைக்காட்சி, பிறகு கணினி. ஒவ்வொரு முறையும் முதலில் ஆரவாரம், அப்புறம் ஆய்வு, அப்புறம் வாத்தியார்தான் பயன்படுத்தவில்லை என்ற பழி. நம் நாட்டிலும் 1999-இல் 87 பள்ளிகளில் செக்கோலா பெஸ்தாரி வந்தது. அதற்குப் பின்னால் வந்தவற்றை எண்ணினால் விரல் போதாது. கியூபன் தம் கதையை 1920-லிருந்து தொடங்குகிறார். நான் 1789-இல் தொடங்கச் சொல்வேன். ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தை எப்படிக் குறைக்கலாம் என்று யோசித்து, ஒரு கருவியை நடுவில் வைத்து, ஏழைப் பிள்ளைகள் மேல் முதலில் சோதித்துப் பார்த்தது எழும்பூரில்தானே.

ஆனால் ஃபிரிஸ்கன் என்ற பையனை என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. எட்டு வயதில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத்துக் காட்டியதில் சம்பளக் கணக்கும் இல்லை, பேரரசும் இல்லை. 2020 மார்ச் 18 தொடங்கி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளி மூடியபோது, என் பையன் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி. அதை அம்மா தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்டு போவார். புலனத்தில் நான் அனுப்பிய பாடங்களுக்கு இரவு பத்து மணிக்கு நீலக்குறி விழும். மூன்றாவது வாரத்திலிருந்து பயிற்சிகள் ஒழுங்காக வர ஆரம்பித்தன. விசாரித்தால், அடுக்குமாடியில் கீழ் வீட்டு ஆண்டு ஆறு பிள்ளை, நான்கைந்து வாண்டுகளை மாடிப்படியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். "ரொம்ப அடிக்கிறா சார்" என்றான் பையன். சட்டாம்பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

ஃபிரிஸ்கனின் அப்பா சிப்பாய் என்று நான் பார்த்த இடங்களிலெல்லாம் எழுதியிருக்கிறது. அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிரிட்டனின் அரசவைக் கவிஞர் ராபர்ட் சதீ, பெல்லின் வாழ்க்கை வரலாற்றையே எழுத உட்கார்ந்தார். மூன்று பெரிய தொகுதிகள் வந்தன. அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு தாள், எவ்வளவு மை.

என் பையன் ஆண்டு ஆறு முடித்து 2023-இல் இடைநிலைப்பள்ளிக்குப் போனான். சேர்ந்த இரண்டாவது வாரம், அந்தப் பள்ளியின் கிராணி எங்கள் அலுவலகத்துக்குப் போன் பண்ணினார். அக்கா போனை என்னிடம் கொடுத்தார்.

"சார், ஒரு பையனோட விவரம் உங்க பள்ளியிலிருந்து வந்திருக்கு. அப்பா ஐ.சி. நம்பர் எல்லாம் சைபராவே இருக்கே, தப்பா அடிச்சிட்டீங்களா?"

தப்பில்லை என்றேன். அம்மா பெயர் சரியாக வந்திருக்கிறதா, ஒருதடவை வாசியுங்கள் என்று கேட்டேன். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.